கதினா வெடிக்கும் நேரம்: பள்ளி மேடையில் பட்டாளத்துக்காரரின் மனக்காயம்

குமரி மாவட்டத்தில் கோயில் கொடை என்னும் ஊர்த் திருவிழா என்றால் கதினா வெடி உண்டு. சிறிய இரும்புக் குழலில் வெடிமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடி போட்டு இடித்து இறுக்கி, வரிசையாக நிறுத்தித் திரி கொளுத்துவார்கள். சத்தம் காதை விட நெஞ்சில்தான் முதலில் இடிக்கும். பிள்ளைகள் கைதட்டும். அதே தெருவில், பென்சன் வாங்கி வந்து பத்துப் பதினைந்து வருடமான பட்டாளத்துக்காரர் ஒருவர் கொடை நாளன்று மட்டும் விடியும் முன்னே பஸ் ஏறி வேறு ஊருக்குப் போய்விடுவார். சாமி காரியத்தில் அக்கறை இல்லாத ஆள் என்று ஊர் பேசும். வீட்டில் உள்ளவர்களுக்குக் காரணம் அரைகுறையாகத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்கள்.

போர்முனையில் பட்ட மனக்காயத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் நாடகமாகப் போட விரும்பும் ஆசிரியருக்கு வேண்டிய கதை முழுக்க அந்த பஸ் பயணத்தில் இருக்கிறது. மேடைக்கு வருவது பெரும்பாலும் வேறு. 25 நிமிட நாடகத்தில் 18 நிமிடம் சண்டை: பச்சை உடுப்பு, பொம்மைத் துப்பாக்கி, ஸ்பீக்கரில் குண்டுச் சத்தம், மடியில் சாகும் நண்பன். மிச்சம் உள்ள நேரத்தில் ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு அலறுவான், டாக்டர் வந்து இரண்டு வரி சொல்வார், தேசபக்திப் பாட்டோடு திரை விழும். பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது சண்டைதான். மனக்காயம் வெளியே தெரிகிற இடம் வீடு. கதவின் கொண்டி, சோற்றுத் தட்டு, ராத்திரி முற்றம், இவற்றில்தான் அது தெரியும். நாடகம் அங்கே நடந்தால் செலவு குறையும், ஆபத்தும் குறையும், உண்மையும் கூடும்.

உடம்பில் நடப்பது என்ன

திடீர்ச் சத்தத்துக்கு எல்லாருடைய உடம்பும் துள்ளும். கண் மூடும், தோள் காதை நோக்கி ஏறும், முழங்கை மடங்கும், வயிறு இறுகும், முழங்கால் தளரும். இதெல்லாம் யோசனைக்கு முந்தி, ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். பிறகு மூளை 'இது வெடிதான், பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லும், உடம்பு அடங்கும். பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல்) என்று டாக்டர்கள் சொல்லும் பாதிப்பில் துள்ளலும் பெரிது, அடங்கும் நேரமும் நீளம். ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தி உடம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. அந்த மனிதர் நடந்ததை நினைத்துப் பார்க்கிறார் என்று சொல்வது போதாது. அது இப்போது நடப்பதாகவே அவர் உடம்பு எடுத்துக்கொள்கிறது.

மருத்துவர்கள் அறிகுறிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். நாடகம் எழுதுகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுக் காட்சி கண்டுபிடித்தால் போதும். முதலாவது, அழையாமல் வரும் நினைவு: கெட்ட கனவு, பகலில் திடீரென்று அங்கே போய்விடுவது. இரண்டாவது, ஒதுங்குவது: கொடை நாளில் ஊரை விடுவது, பாறை வெடிக்கும் குவாரிப் பக்கத்து வழியை விட்டுச் சுற்றிப் போவது, கூடப் பணிசெய்தவரின் போனை எடுக்காமல் இருப்பது. மூன்றாவது, மனம் மரத்துப் போவதும் தன்னையே குற்றம் சொல்வதும். மகளின் கல்யாணத்தில்கூட மகிழ்ச்சி வராது, 'நான் அன்று முன்னால் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்' என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நான்காவது, ஓயாத காவல்: தூக்கமின்மை, எரிச்சல், சாயாக்கடையில் சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்த்தே உட்காருவது.

இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் அந்தப் பெயர். முழு அறிகுறிகளும் சம்பவம் நடந்து ஆறு மாதம் கழித்தோ, அதற்கும் பல வருடம் பின்னோ வெளிப்படுவதுண்டு. பட்டாளத்தில் இருக்கும்வரை வேலை, ஒழுங்கு, கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்து ஆளைத் தாங்கிப் பிடித்திருக்கும். பென்சன் வாங்கி வீட்டுக்கு வந்து, ரப்பர் வெட்டு முடிந்த மத்தியானங்களில் சும்மா இருக்கும்போது அது மேலே வரும். கதையின் காலக்கணக்குக்கு இது உதவும். 1999 கார்கிலில் 22 வயதில் நின்ற சிப்பாய், குறைந்தபட்சம் 15 வருடம் பணி செய்தால் பென்சனுக்குத் தகுதி பெறுவார், ஊர் திரும்பும்போது நாற்பதை ஒட்டிய வயது. அப்படியானால் மேடையில் அவருக்கு நரைத்த தாடி ஒட்டி, கம்பு ஊன்ற வைப்பது தப்பு. பெரும்பாலான பள்ளி நாடகங்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

பெயர் வந்த வழி

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதியபோது 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற சொல் அச்சேறியது. குண்டு வெடிக்கும் அதிர்வில் மூளை குலுங்கியதால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினர் 306 பேர் சொந்தப் படையாலேயே சுடப்பட்டார்கள். அவர்களில் மனம் உடைந்தவர்கள் இருந்தார்கள் என்பதை ஏற்று மன்னிப்பு வழங்க 2006 ஆயிற்று. எடின்பரோவுக்குப் பக்கத்து கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில், மனம் உடைந்த படை அதிகாரிகளுக்கு மின்சாரம் பாய்ச்சாமல் பேசவைத்துக் கேட்ட டாக்டர் ரிவர்ஸ், அதற்குப் பதினைந்து வருடம் முன்பு நம் நீலகிரியில் தோடர்களோடு மாதக்கணக்கில் இருந்து அவர்கள் வாழ்வைப் பதிவுசெய்தவர். வியட்நாம் போருக்குப் பின், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது.

நம் மாவட்டத்துக்கும் போருக்கும் உள்ள உறவு பழையது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டி லனாய் பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். குளச்சல் வெற்றித் தூணுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகாத பள்ளி குறைவு. அந்தத் தூணில் படை மட்டும்தான் இருக்கிறது. சண்டை முடிந்து வீட்டுக்குப் போனவனின் ராத்திரி அதில் இல்லை.

பழம்பாட்டில் அது உண்டு. முல்லைப்பாட்டில் பாசறையில் படுத்திருக்கும் அரசன் 'கண்படை பெறாஅது' கிடக்கிறான். துதிக்கை வெட்டுண்ட யானைகள், செத்த வீரர்கள், அம்பு தைத்துச் செவி சாய்த்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகள் என்று அன்றைய போரில் பட்டதெல்லாம் அவன் மனதில் வந்துகொண்டே இருக்கிறது. 'ஒருகை பள்ளி ஒற்றி, ஒருகை முடியொடு கடகம் சேர்த்தி, நெடிது நினைந்து' என்று புலவர் அவன் கை இருக்கும் இடத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறார். ஒரு கை படுக்கையில் ஊன்றி, மறு கை தலையைத் தாங்கி. மேடைக்கு இதைவிட நல்ல குறிப்பு வேறு யார் தருவார்? அலறல் வேண்டாம், இந்த இரண்டு கை போதும். பத்தாம் வகுப்பில் முல்லைப்பாட்டின் மழைக்காட்சி வரிகளைப் படித்த பிள்ளைகளுக்கு, அதே பாட்டின் பின்பகுதி இது என்று சொன்னால் ஒத்திகையில் புரியும்.

புறநானூற்று 281ஆம் பாட்டில் புண்பட்டு வந்தவனின் வீட்டைக் காக்கிறார்கள். இரவ மரத்து இலையும் வேம்பும் செருகி, ஐயவி என்னும் வெண்கடுகு சிதறி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எடுத்து, 'காக்கம் வம்மோ காதலந் தோழீ' என்று ஒருத்தி அழைக்கிறாள். உடம்பில் பட்ட புண்ணுக்கு வீடே ஒலியால் வேலி போட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புண்ணோடு வருகிறவனுக்கு அதே ஒலி எதிரி. நாடகத்தின் முரணாக இதை வைக்கலாம். மனைவி பூசைக்கு மணி எடுக்கிறாள், அடிக்குமுன் நின்று கணவனைப் பார்க்கிறாள், மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே வைக்கிறாள். வசனம் தேவையில்லை.

எழுதும்போது

வீட்டுக்குள் மூன்று பேர், வெளியே இரண்டு பேர், அதற்கு மேல் பாத்திரம் வேண்டாம். பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். ஆண்டு விழா நாடகத்தில் அப்பா செந்தமிழில் புலம்பும்போதே பார்ப்பவர்கள் விலகிவிடுகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடு என்றால் இப்படி:

மகள்: அப்பா, வெளிய யாரும் இல்ல. காத்தாக்கும்.
அப்பா: கொண்டி போட்டாச்சா?
மகள்: போட்டாச்சு.
அப்பா: பெறத்தால?
மகள்: அதும் போட்டாச்சு. நீங்க இப்பதான பாத்துட்டு வந்தீங்க.
அப்பா: ம். (உட்காருகிறார். எழுகிறார்.) ஒருக்கா கூட பாத்துட்டு வாறேன்.

இந்தக் காட்சி 50 நொடி. நாடகத்தில் இது மூன்று முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் மகளின் பதில் சுருங்க வேண்டும். மூன்றாவது முறை அவள் வாய் திறக்காமல் கொண்டியைத் தொட்டுக் காட்டுகிறாள். அப்பாவின் நோய் வீட்டின் பழக்கமாகிப்போனதைப் பார்ப்பவர்கள் அங்கே பிடித்துக்கொள்வார்கள்.

'பைத்தியம்', 'நட்டு கழண்டது' போன்ற சொல்லை ஊர்க்காரர் வாயில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அப்படித்தானே பேசுகிறார்கள்? ஆனால் அந்த வசனத்துக்குச் சிரிப்பு வந்தால் அதை எடுத்துவிட வேண்டும். வாதை (கெட்ட ஆவி) பிடித்திருக்கிறது என்று பாட்டி சொல்லி, மந்திரவாதியிடம் கூட்டிப்போகும் காட்சியும் அப்படியே. பாட்டியைக் கோமாளி ஆக்கினால் மண்டபம் சிரிக்கும், வீட்டில் அதே நம்பிக்கை உள்ள பிள்ளை தலைகுனியும். பாட்டி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மகனைக் காக்கப் பார்க்கிறாள் என்று எழுதினால் இரண்டும் நடக்காது.

குடித்து மனைவியை அடிக்கும் பட்டாளத்துக்காரர் மேடையில் பழகிப்போன ஆள். தூக்கத்துக்காகக் குடிப்பது நிஜத்தில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காயத்தின் முழு அடையாளமும் குப்பிதான் என்று ஆக்கினால், மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் குடிக்காத, அடிக்காத, தூங்காத மனிதரை நாடகம் தவறவிடுகிறது.

எந்த நாடு, எந்தப் போர் என்று பெயர் சொல்வதா? பள்ளிக்குச் சொல்லாமல் இருப்பதே மேல். 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்த தமிழ்ச் சிப்பாயின் மனநிலை ஆழமான பொருள்தான். ஆனால் 25 நிமிடத்தில் அதைத் தொட்டால் மறுநாள் பேச்சு அரசியலாகிவிடும், மனக்காயம் காணாமல் போகும். பெயர் சொல்லாத கதைக்கு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளலாம். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதிய கறுப்புத் தகரப் பெட்டி, அதற்குள் வேறொருவரின் எனாமல் மக். அது யாருடையது என்று கடைசிவரை அவர் சொல்லத் தேவையில்லை. மகள் தெரியாமல் அதில் கட்டஞ்சாயா ஊற்றிக் கொண்டுவருகிறாள் என்றால் காட்சி தானாக நடக்கும்.

முடிவில் தற்கொலையை வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரை, மேடைக் கலைஞர்களுக்காகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தற்கொலையை நடித்துக் காட்டுவதும் அதைத் தீர்வுபோல் வைப்பதும் இளம் வயதினரைப் பின்பற்றத் தூண்டலாம் என்பது அதன் அடிப்படை. ஒரு கட்டிப்பிடிப்பில் குணமாகும் முடிவும் பொய்தான். பேச்சு வழி சிகிச்சையும் மாத்திரையும் பலருக்கு நன்றாகவே உதவுகின்றன, ஆனால் வாரங்களும் மாதங்களும் ஆகும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் நிற்பதோடு திரை விழுந்தால் போதும். முதல் காட்சியில் அவர் தனியாக ஏறிய அதே பஸ் நிறுத்தம்.

சத்தம்

தோல்வி பெரும்பாலும் இங்கேதான். பதிவுசெய்த குண்டுச் சத்தத்தை மண்டபத்து ஸ்பீக்கரில் போட்டால் இரண்டு கெடுதல். நம் பள்ளி மண்டபங்கள் சிமென்ட் சுவர், ஷீட் கூரை. எதிரொலி நீண்டு, குண்டுச் சத்தம் தகர டின் உருண்ட மாதிரி கேட்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருவேளை நல்ல ஸ்பீக்கராக இருந்து உண்மையாகக் கேட்டுவிட்டால், பார்வையாளர் நடுவில் இருக்கும் பழைய சிப்பாய்க்கு நாம் நாடகமாகக் காட்ட வந்ததையே நிஜத்தில் செய்துவிடுவோம்.

சத்தம் பெரிதாக இருக்கத் தேவையில்லை, அதற்கு முந்தைய அமைதி நீளமாக இருந்தால் போதும். 10 டெசிபெல் ஏறினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். மண்டபம் 50 டெசிபெலில் அடங்கியிருக்கும்போது 70 டெசிபெலில் விழும் ஒரு தட்டு நான்கு மடங்காகக் கேட்கும். போன் செயலி காட்டும் அளவு துல்லியமில்லை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முன்வரிசையில் வைத்துப் பாருங்கள், எந்த நேரத்திலும் 85ஐத் தாண்ட விடாதீர்கள்.

எவர்சில்வர் தட்டு விழும் காட்சிக்குச் சின்ன ஏற்பாடு வேண்டும். பிளைவுட் மேடையில் தட்டு 'பொத்'தென்று செத்துப்போகும். இரண்டடிக்கு இரண்டடி கடப்பாக் கல் ஒன்றை, அடியில் சாக்கு மடித்து வைத்து, விழும் இடத்தில் போடுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து தட்டை விளிம்பு கீழே இருக்கும்படி நழுவவிட வேண்டும். தட்டையாக விழுந்தால் ஒரே அறை, அதோடு முடிந்தது. விளிம்பில் விழுந்தால் முதல் சத்தத்துக்குப் பின் சுழன்று, வேகம் கூடிக் கூடி, மூன்று நான்கு நொடி உதறி அடங்கும். நடிகரின் வேலை அந்த நான்கு நொடியில்தான் இருக்கிறது. முதல் சத்தத்தில் உடம்பு துள்ளும். தட்டு சுழலும்போது அவர் இங்கே இல்லை. தட்டு அடங்கிய பின், யார் பார்த்தார்கள் என்று கண் சுற்றும். அந்தக் கடைசிப் பார்வையில் உள்ள வெட்கம் பல நாடகங்களில் விட்டுப்போகிறது. ஓரம் மடிந்த சாப்பாட்டுத் தட்டு ஓரமில்லாத தட்டைவிட நன்றாகச் சுழலும். நாலைந்து தட்டு கொண்டுவந்து போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், விழா அன்று யாரும் அதில் சாப்பிட எடுத்துப் போகாமல் பூட்டி வையுங்கள்.

மற்ற ஒலிகளுக்கு வில்லுப்பாட்டுக் குழு போதும். முழு வில் மேடையில் பாதி இடத்தைப் பிடிக்கும். அதனால் குடம், உடுக்கை, ஜால்ராவோடு மூன்று பேர் இடப்பக்க ஓரத்தில் உட்காரட்டும். குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டையால் அடிக்கும் 'தும்' நெஞ்சுத்துடிப்புக்கு அச்சாகப் பொருந்தும். நிமிடத்துக்கு 70இல் தொடங்கி 120 வரை ஏற்றி, ஒரே அடியில் நிறுத்த வேண்டும். பையன்கள் உணர்ச்சிவசப்பட்டு 150க்குக் கொண்டுபோய்விடுவார்கள், அப்போது துடிப்பு தாளமாகி மண்டபம் கைதட்டும். போனில் மெட்ரோனோம் வைத்துப் பழக்குங்கள். முறத்தில் அரிசியைச் சாய்த்தால் மழை.

போர்க்கள நினைவு கட்டாயம் வேண்டுமென்றால் அதைப் பாட்டாகச் சொல்லிவிடலாம். அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) பாட, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட, அப்பா வேடக்காரர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கணியாகுளத்துச் சண்டையில் விழுந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப்பிள்ளையின் கதையை இந்த மாவட்டம் பாட்டில்தான் காத்து வைத்திருக்கிறது. துயரத்தை இரண்டடி தள்ளி நின்று சொல்ல அந்த வடிவத்துக்குத் தெரியும். பிள்ளைகளின் உடம்புக்கும் அது பாதுகாப்பு.

கடலோரப் பள்ளி என்றால் இன்னொன்று. அலை இரைச்சல், சைரன், ஹெலிகாப்டர் மூன்றையும் தவிருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆட்களை இழந்த வீடுகள் குளச்சல், மணக்குடிப் பக்கம் நிறைய. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் இன்று உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். ஹெலிகாப்டர் சத்தம் நமக்குப் போர், அவர்களுக்கு அப்பாவைத் தேடிய நாள்கள்.

நடிக்கும் பிள்ளைகள்

'உன் வாழ்க்கையில் நடந்த சோகத்தை நினைத்துக்கொண்டு அழு' என்று சொல்லும் வழக்கம் பள்ளி நாடகத்தில் இன்னும் இருக்கிறது. 14 வயதுப் பிள்ளையிடம் அது செய்யக் கூடாத வேலை. உணர்ச்சி நினைவைத் தோண்டும் பயிற்சிக்குப் பெயர்போன ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடற்செயலிலிருந்து தொடங்கும் முறைக்கு மாறினார். இங்கேயும் அதுதான் வழி: பார்வை எங்கே, தோள் எவ்வளவு உயரம், எந்தக் கை எதைப் பிடிக்கிறது, எத்தனை எண்ணும்வரை. மேலே சொன்ன துள்ளலை எண்ணிக்கையோடு பழக்கினால் எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சரியாகச் செய்வான், அவன் மனம் தொடப்படாது.

பதற்றம் காட்ட வேகவேகமாக மூச்சுவிடச் சொல்லாதீர்கள். அரை நிமிடம் அப்படி மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரத்து, தலைசுற்றி நிஜமாகவே விழுவார்கள். ஒத்திகையில் பிள்ளை 'நன்றாக நடித்து' மயங்கி விழுந்தால் காரணம் பெரும்பாலும் இது. மூச்சுக்குப் பதில் குடம் துடிக்கட்டும், நடிகர் மூச்சைப் பிடித்து இரண்டு எண்ணி விட்டால் போதும்.

ஆறு வாரம், வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் தாராளம். கனமான காட்சியை ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் ஓட்டாமல், ஒத்திகையின் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் பிள்ளை அதைச் சுமந்துகொண்டே வீட்டுக்கு பஸ் ஏறும். முடிக்கும்போது ஏழெட்டு நிமிடம் வேடம் கழற்ற ஒதுக்குங்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டு, 'இது அவர் துண்டு, நான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு' என்று சத்தமாகச் சொல்லி, முகம் கழுவி, ஓடிப்பிடித்து விளையாடிவிட்டுப் போகட்டும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. சூடாகப் பழம்பொரி கிடைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அப்பாவோ அண்ணனோ எல்லையில் இருக்கும் பிள்ளைக்குச் சிப்பாய் வேடம் கொடுப்பது இயல்பாகத் தோன்றும், கேட்டால் அதுவும் மறுக்காது. வீட்டுப் பெரியவர்களிடம் கதையை முழுதாகச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் கொடுக்காதீர்கள். முக்கிய வேடத்துக்கு இரண்டு பேரைத் தயார் செய்துவிட்டால், இடையில் ஒரு பிள்ளை 'எனக்கு முடியல சார்' என்று சொல்ல வழியிருக்கும்.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு படை உடுப்பு அணிவதுதான் சட்டப்படி குற்றம், நாடகம் அதில் வராது. ஆனாலும் 2022இல் வந்த ராணுவத்தின் புதிய உடுப்பு வெளிச்சந்தை விற்பனைக்கு இல்லை, அதன் நகலைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் பட்டாளத்துக்காரருக்குக் கைலியும் வெள்ளை பனியனும் ஒட்ட வெட்டிய முடியும்தான் உடுப்பு. துப்பாக்கி மேடைக்கே வராது.

பார்க்க வருகிறவர்கள்

முன்னாள் படைவீரர்களை முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவது மரியாதைதான். ஆனால் முன்வரிசை நடுவில் இருப்பவர் எழுந்து போக முடியாது, எல்லார் கண்ணும் அவர் மேல் இருக்கும். கதவுக்குப் பக்கத்துப் பத்து நாற்காலியை ஒதுக்கி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விட்டுவிடுங்கள். பொன்னாடையைச் சாயாவோடு தனியாகக் கொடுக்கலாம். பக்கத்து வகுப்பறை ஒன்றை விளக்குப் போட்டு, தண்ணீர் வைத்து, பழகிய ஆசிரியர் இருவரோடு திறந்து வையுங்கள்.

நாடகத்துக்கு முன் ஒரு அறிவிப்பு: "அடுத்து வரும் நாடகம் போர்முனையிலிருந்து வந்த ஒருவரின் வீட்டைப் பற்றியது. ஒரு இடத்தில் தட்டு விழும் சத்தம் வரும், ஒரு இடத்தில் பத்து நொடி விளக்கு அணையும். வெளியே போக விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், இடப்பக்கக் கதவு திறந்திருக்கும்." இதைச் சொன்னால் நாடகத்தின் அதிர்ச்சி போய்விடுமே என்று கேட்பார்கள். அதிர்ச்சி போகட்டும், அதற்காக இந்த நாடகம் போடவில்லை. பளிச்பளிச்சென்று வெட்டும் டிஸ்கோ விளக்கு கூடவே கூடாது, வலிப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

கெட்ட கனவுக் காட்சியில் ஏழாம் வகுப்பு சிரிக்கும். கேலிக்காக இல்லை, பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான். இருட்டு நீளமாக இருந்தாலும், நடிகர் முகம் நேராகத் தெரிந்தாலும் சிரிப்பு கூடும். நடிகர் முதுகைக் காட்டிப் படுத்திருக்க, வெளிச்சம் வாசலில் நிற்கும் மகள் முகத்தில் விழட்டும். அப்பாவைத் தொட்டு எழுப்பலாமா கூடாதா என்று அவள் தயங்குகிறாள், பிறகு கால்மாட்டில் எட்டி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். கெட்ட கனவில் இருப்பவரை நெருங்கித் தொட்டு உலுக்கினால் தூக்கக் கலக்கத்தில் கை வீசிவிடக்கூடும். எட்டி நின்று கூப்பிடுவதே சரி என்பதை அந்தக் காட்சியே கற்றுக்கொடுத்துவிடும்.

நாடகம் முடிந்த கையோடு அடுத்த நடனத்துக்குப் பாட்டுப் போடாமல் பத்து நிமிடம் விடுங்கள். டெலி மனஸ் எண் 14416ஐ அட்டையில் பெரிதாக எழுதி வாசலில் தொங்கவிடலாம். 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி அழைப்பு அது, தமிழிலும் பேசுவார்கள். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு 2003 முதல் இருக்கும் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்திலும் மனநல சிகிச்சை உண்டு. கார்டு வைத்திருந்தும் பலர் அதைச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டுமே எடுத்துப்போகிறார்கள்.

தேதி குறிக்குமுன் பக்கத்துக் கோயில் கொடை நோட்டீசையும் சர்ச் திருவிழா நோட்டீசையும் வாங்கிப் பாருங்கள். மண்டபத்தைப் பதினைந்து நிமிடம் அமைதியாக்கி, தட்டு விழும் நேரத்துக்குக் காத்திருக்கும்போது வெளியே கதினா வரிசை தொடங்கினால், அதை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியாது.